பெட்ரோமாக்ஸ் பழுதுபார்ப்பு: மேன்டிலுக்குக் கீழே இருந்த கோளாறுகள்

ஒரு பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, ஒளிவிடும் வலையான மேன்டில் கறுக்காமலும் ஒளி துடிக்காமலும் எரிந்து முடிந்திருக்கிறது. ஐந்நூறு மெழுகுவர்த்தித் திறன் கொண்ட இந்த வகை விளக்கு லிட்டருக்கு எட்டு மணி நேரம் எரியும் என்பது கணக்கு. இத்தனை பழைய உடம்புக்கு ஏழு மணி நேரமே போதும் என்று வைத்துக்கொண்டு, செய்த வேலைகளை வரிசையாகப் பதிவு செய்கிறேன். மாற்று உதிரிகள் இன்னும் கிடைக்கின்றன, ஆனால் எந்தக் கோளாறுக்கு எதை மாற்றுவது என்று சொல்லக்கூடியவர்கள் தமிழக-கேரள எல்லையான களியக்காவிளையின் இருபுறத்திலும் குறைந்துவிட்டார்கள்.

விளக்கு குழித்துறைக்கு அருகே ஓர் உறவினரின் ரப்பர் தோட்டத்துப் புகைப்புரையில் தொங்கிக் கிடந்தது. ஷீட் உலர்த்தும் புகை பல ஆண்டுகளாகப் படிந்து தார் போல ஒட்டியிருந்தபடியால், முதலில் அது பித்தளையா தகரமா என்றே தெரியவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அடியில் நிக்கல் முலாம் இருந்தால் அது போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் பொறுமையாகத் துடைத்ததில் முலாம் பெரும்பாலும் தப்பித்தது, டேங்கின் தோளில் பொறித்திருந்த எழுத்துகளும் தெரிந்தன. கம்பெனிப் பெயருக்கு அருகே டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம். என்ற இரண்டு முத்திரைகள் இருந்தன. முதலாவது ஜெர்மானியப் பேரரசின் காப்புரிமையைக் குறிப்பது. இரண்டாவது 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறிய மேம்பாடுகளுக்குக் குறுகிய காலத்துக்குத் தரப்பட்ட பதிவு. மூன்று ஆண்டுகள், நீட்டித்தால் ஆறு ஆண்டுகள் என்று அது முடிந்துவிடும். முழுக் காப்புரிமைக்கே முதலில் பதினைந்து ஆண்டுகள்தாம். 1923இல் அதைப் பதினெட்டாக்கினார்கள். பெர்லினில் எஹ்ரிச் அண்ட் கிரேட்ஸ் கம்பெனி 1910களில் இந்த விளக்கை உருவாக்கியபோது பெற்ற உரிமைகள் எல்லாம் இந்தியப் பட்டறைகள் இதே அச்சில் வார்க்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே காலாவதியாகியிருக்க வேண்டும். இதனால் எனக்கு நடைமுறையில் ஒரு லாபமும் ஒரு தொல்லையும் உண்டு. உதிரி கிடைப்பது லாபம். கிடைக்கும் உதிரியின் மரை பழைய மரையோடு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாதது தொல்லை.

வேலையைத் தொடங்குமுன், திருவிழாக்களுக்கு விளக்கு வாடகைக்கு விட்டுவந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு மேடைக்கும், பள்ளித் திருநாள் பவனிகளுக்கும் ஒரு காலத்தில் வரிசை வரிசையாகக் காஸ் லைட்டு அனுப்பியவர் அவர். நான் மேன்டில் கட்டும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "மேலயே பாக்காத மக்களே, இதுக்க நோவு எல்லாம் கீழதான்" என்றார். இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான் என்று சொன்னாலும் தவறில்லை. ஒளி குறைந்தால் உடனே மேன்டிலை மாற்றுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். மேன்டிலோ, கீழிருந்து வரும் ஆவியின் தரத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும் வெறும் சாம்பல் வலை.

கீழிருந்தே தொடங்கினேன். டேங்கில் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருந்தது. தின்னர் ஊற்றி, சிறு கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கி, கழுவி, வெயிலில் வைத்தேன். பித்தளையாதலால் துரு இல்லை.

அடுத்தது பம்பு. திரி இல்லாமல், அடைத்த காற்றின் அழுத்தத்தால் மண்ணெண்ணெயை மேலே தள்ளி, சூடான குழாயில் ஆவியாக்கி எரிக்கும் முறையை 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் தம் பிரைமஸ் அடுப்பில் வெற்றிகரமாக்கினார். நம் வீடுகளில் இருந்த பம்பு ஸ்டவ்வின் கைப்பம்புக்கும் இந்த விளக்கின் பம்புக்கும் வேலை ஒன்றுதான்: கிண்ணம் போல வளைந்த ஒரு தோல் வாசர், அடியில் காற்றைத் திரும்பவிடாத ஒரு சிறு வால்வு. தோல் வாசர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சரியான அளவில் கடையில் கிடைக்காததால் செருப்புத் தைப்பவரிடம் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள தோல் துண்டு வாங்கி நானே செய்தேன். வெட்ட வேண்டிய வட்டத்தின் விட்டத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: பம்புக் குழாயின் உள்விட்டத்தோடு, மடங்கி நிற்க வேண்டிய விளிம்பின் உயரத்தை இருமுறை கூட்டிக்கொள்ள வேண்டும். விளிம்புக்கு ஆறு மில்லிமீட்டர் வைத்ததால், உள்விட்டத்தைவிடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பெரிய வட்டமாக வெட்டி, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, அதே உள்விட்டமுள்ள குழாய்த் துண்டுக்குள் ஒரு மரக்கட்டையால் அழுத்தி நிழலில் காயவிட்டேன். காய்ந்தபின் ஆமணக்கெண்ணெய் பூசினேன். தேங்காய் எண்ணெயைவிட இது கெட்டியானது, தோலில் நின்று பிடிக்கிறது.

வால்வுதான் படுத்தியது. அது பம்புக் குழாயின் அடியில், கைக்கு எட்டாத ஆழத்தில் மரை போட்டு இறுக்கப்பட்டிருந்தது. சாதாரணத் திருப்புளி அதன் வெட்டில் சரியாக உட்காராமல் வழுக்கியதால், ஒரு பட்டை இரும்பை அரத்தால் ராவி, வெட்டின் அகலத்துக்கு ஒப்ப நுனி செய்து, மேலே குறுக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டேன். துருநீக்கி எண்ணெயை இரவில் ஊற்றிவைத்து மறுநாள் திருப்பியதும் கழன்றது. உள்ளே ஒரு சுருள்வில், அதன் தலையில் தக்கையைப் போன்ற பழைய வாசர் ஒன்று, கருகிச் சுருங்கிப் போயிருந்தது.

ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு ரப்பர் வாசருக்குக் கடைக்கு அலைவானேன் என்று, நல்ல இயற்கை ரப்பரில் ஒரு வட்டம் வெட்டிப் பொருத்தினேன். முதல் நாள் அழுத்தம் அருமையாக நின்றது. அதற்குப்பின் பம்பின் கைப்பிடி தானே மேலே எழும்பத் தொடங்கியது. இழுத்துப் பார்த்தால் குழாய்க்குள் மண்ணெண்ணெய். பிரித்தபோது வாசர் உப்பி, மெழுகுபோல இளகி, வால்வின் துளையை மூட முடியாத வடிவத்தில் இருந்தது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய்களை உறிஞ்சி வீங்கும். எண்ணெய் தாங்கவென்றே 1930களில் ஜெர்மனியில் வந்தது நைட்ரைல் ரப்பர். மார்த்தாண்டத்தில் வாகன உதிரிபாகக் கடையில் நைட்ரைல் ஷீட் என்று கேட்டால் கையளவு வெட்டித் தருவார்கள். அதில் துளைபோடும் குழாய் உளியால் வட்டம் வெட்டிப் பொருத்தியபின் இந்தத் தொல்லை திரும்பவில்லை. மூடியின் வாசரையும் அதே ஷீட்டில் மாற்றினேன்.

டேங்கு அழுத்தம் தாங்குகிறதா என்பதை விளக்கிலுள்ள பழைய மானியை நம்பிச் சோதிக்க மனம் வரவில்லை. பழைய டியூப்பின் உலோக வால்வை உதிரி மூடி ஒன்றில் பற்றவைத்து, கார் டயர் மானியால் அளக்க வழி செய்துகொண்டேன். டேங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் நிரப்பி, சைக்கிள் பம்பால் முப்பது பி.எஸ்.ஐ. வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு பார் அளவுக்கு, காற்றடித்தேன். தண்ணீருக்குப் பதிலாகக் காற்றையே நிரப்பிச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். வெடித்தால் தண்ணீர் சிந்துவதோடு போகும், காற்று அப்படிப் போகாது. மானி மெல்ல இறங்கியது. டேங்கைக் கவிழ்த்துப் பிடித்தபோது, அடித்தகடும் சுவரும் சேரும் விளிம்பில், சோப்பு நுரை தடவிய இடத்தில், ஊசிமுனையளவு குமிழ் ஒன்று விடாமல் எழுந்தது.

மண்ணெண்ணெய் இருந்த டேங்கில் நெருப்புக் காட்டுவது ஆபத்தானது. ஆவி எங்கேயாவது ஒளிந்திருக்கும். கசியும் இடம் மேலே வரும்படி சாய்த்து, அந்த இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் பித்தளை சூடேறாது, தண்ணீர் குறைந்தால் ஆவிக்கு இடம் கொடுத்ததாகும். இந்த இடைவெளியைப் பிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. மின் பற்றுக்கோலால் இது ஆகாது என்று சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பற்றவைக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கரியடுப்பில் காய்ச்சிய செம்புத்தலைக் கோலால், துத்தநாகம் கரைத்த அமிலம் தொட்டு, ஒரே இழுப்பில் முடித்தார். ஊதுவிளக்கை அவர் எடுக்கவே இல்லை. அடித்தகடு முழுவதும் ஈயத்தால் ஒட்டியிருப்பதால் ஓரிடத்தை அதிகம் சுட்டால் அடுத்த இடம் விட்டுப்போகும் என்றார். அதன்பின் இரவு முழுவதும் அழுத்தம் அசையவில்லை.

இனி ஆவிக்குழாய். மண்ணெண்ணெயை அழுத்தி மேலே ஏற்றி, எரியும் சுடரின் சூட்டிலேயே ஆவியாக்கி, அந்த ஆவியை மேன்டிலில் எரிப்பது என்ற முறையை 1901இல் உருவாக்கியவர் ஆர்தர் கிட்சன் என்ற ஆங்கிலேயர். முதலில் அது பெரிதும் பயன்பட்டது கலங்கரை விளக்கங்களில். 1921இல் டேவிட் ஹூட் அதைச் செம்மைப்படுத்தினார். கடற்கரையில் கோபுர உச்சியில் இருந்த அமைப்பின் கைவிளக்கு வடிவம் என்று பெட்ரோமாக்ஸைச் சொல்லலாம். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி வரை பல நிலைகளில் கொதிக்கும் கலவை. கனமான பகுதி முழுதும் ஆவியாகாமல் குழாயின் உட்சுவரில் கரியாகப் படிகிறது. என் விளக்கில் நேர்க்குழாயும் அதன் பக்கவளையமும் ஊதினால் மூச்சே போகாத அளவுக்கு அடைத்திருந்தன.

வளையத்துக்குள் கம்பி விட முடியாது. ஆசாரியின் உலையில் மங்கிய சிவப்பு வரும்வரை மட்டும் காய்ச்சி, ஆறியபின் மரச்சுத்தியலால் தட்டி, டயர்க் கடைக் கம்ப்ரசரில் காற்று விட்டபோது கரி சிம்பு சிம்பாக வெளியே வந்தது. நேர்க்குழாயை மட்டும் பழைய சைக்கிள் பிரேக்கின் உள்கம்பியைச் சுழற்றிச் சுரண்டினேன். பித்தளையைப் பளிச்சென்ற சிவப்புக்குக் கொண்டுபோனால் அது இளகிக் கோணிவிடும். உலையில் நின்றவர் கவனம் இல்லாதவராக இருந்திருந்தால் இந்தக் குழாய் இன்று பழைய இரும்புக் கடையில் இருந்திருக்கும்.

ஆவி பீறும் துளையுள்ள நிப்பிளும் அதன் ஊசியும் விளக்கின் மிகச் சிறிய பாகங்கள், மிகவும் படுத்தும் பாகங்களும் அவையே. கைத்திருகைச் சுழற்றினால் அடியிலுள்ள மையம் விலகிய ஓர் அச்சு நீண்ட தண்டை உயர்த்தும், தண்டின் தலையிலுள்ள ஊசி நிப்பிளின் துளைக்குள் நுழைந்து அதை அடைக்கும். எதிர்ப்புறம் சுழற்றினால் இறங்கித் திறக்கும். ஒரே அசைவில் விளக்கை அணைக்கவும், துளையில் சேர்ந்த கரியைக் குத்தி எடுக்கவும் முடிகிறது. ஸ்டவ்வுக்கு எரியும்போதே தனியாகப் பின் எடுத்துக் குத்தியவர்களுக்கு இதன் அருமை புரியும். பழைய நிப்பிளின் துளை, பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. துளை பெரிதானால் ஆவி அதிகம், காற்று போதாது, சுடர் மஞ்சளாகி மேன்டிலில் புகை பிடிக்கும். வாடகைக்கு விட்ட விளக்குகளில் மேன்டில் அடிக்கடி கறுத்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஸ்டவ் சாமான் விற்கும் கடையில் நிப்பிளும் ஊசியும் கிடைத்தன. முதலில் எடுத்த நிப்பிள் இரண்டு சுற்று ஏறி இறுகிவிட்டது. பலவந்தப்படுத்தாமல் கழற்றிவிட்டு, கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்துக் கொடுத்ததில் ஒவ்வொன்றாகக் கையாலேயே திருகிப் பார்த்து, தடையில்லாமல் அடிவரை போனதை எடுத்தேன். குழாயை வீட்டில் விட்டுவிட்டு நிப்பிள் வாங்கப் போகக் கூடாது. துளை நடுவில் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து வாங்குவதும் அவசியம். ஓரமாகத் துளையிட்டவை அந்த டப்பாவில் நிறையவே இருந்தன.

நிப்பிளிலிருந்து பீறும் ஆவி, மேலே உள்ள கலவைக் குழாயின் வாய்க்குள் போகும் வழியில் காற்றை இழுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளியின் அளவு ஒளியை மிகவும் மாற்றுகிறது. பன்னிரண்டு மில்லிமீட்டரில் சுடர் மஞ்சளாக இருந்தது. பதினெட்டுக்குப் போனபோது உறுமல் கேட்டது, மேன்டிலின் அடிப்பகுதி மட்டும் நீலம் பாரித்தது. பதினைந்தில் நிறுத்தினேன். கலவைக் குழாயின் நுனியில் இருந்த பீங்கான் மூக்கில் மயிரிழை விரிசல் இருந்தபடியால் அதையும் மாற்றினேன்; மேன்டிலைக் கட்டும் பள்ளம் அதில்தான் இருக்கிறது.

மேன்டிலுக்கு வந்தால், இந்த வட்டாரத்துக்காரன் என்ற முறையில் சற்று நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் பெற்ற காப்புரிமையின் மேன்டில் பச்சையடித்த ஒளி தந்ததோடு எளிதில் உடைந்தும் போனது. 1891இல் தோரியம் ஆக்சைடு 99 விழுக்காடும் சீரியம் ஆக்சைடு ஒரு விழுக்காடும் என்ற கலவையைக் கண்டபிறகே அது உலகச் சரக்கானது. அந்தத் தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கவனித்தார். தேடிவந்து நின்ற இடம் மணவாளக்குறிச்சி. 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்துக் கடற்கரை அது. குழித்துறையிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். பெர்லின் விளக்கின் வெளிச்சத்தில் நம் கரை மணலுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்பது விளக்கின் பழுதை நீக்க எந்த விதத்திலும் உதவாது. ஆனாலும் பட்டறை மேசையில் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நடைமுறைக்கு வேண்டியது இது: தோரியம் மெல்லிய கதிரியக்கம் உள்ளது. வெளிநாடுகளில் பல தயாரிப்பாளர்கள் இட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள். நம் கடையில் கிடைப்பது எது என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. எனவே உடைந்த மேன்டிலின் சாம்பலை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பையில் கட்டிப் போடுகிறேன். மேன்டிலை மடிப்புகள் சீராக வரும்படி கட்டி, அதிகப்படி நூலை வெட்டிவிட வேண்டும். நூல் நுனி மேன்டிலின் மேல் கிடந்தால் எரியும்போது அந்த இடத்தில் ஓட்டை விழும்.

ஏற்றும் முறையில் அவசரம் கூடாது. ஆவிக்குழாயைச் சூடாக்கும் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் நிறைத்துப் பற்றவைத்து, மேன்டில் முதலில் கறுத்துப் பிறகு வெள்ளைச் சாம்பலாகச் சுருங்குவதைப் பார்த்திருந்து, ஸ்பிரிட் முழுவதும் தீரும் தறுவாயில் அழுத்தம் ஏற்றித் திருகைத் திறந்தேன். பாதியில் திறந்தால் குழாய் போதுமான சூடேறாமல் பச்சை எண்ணெய் பீறி, ஆளுயரத்துக்குத் தீ எழும்பும். மழைக்காலத்தில் ஒரு கிண்ணம் ஸ்பிரிட் எங்களுக்குப் போதவில்லை. இரண்டாம் முறையும் நிறைத்தபிறகே ஒளி பிடித்தது. பிடித்ததும் சற்று நேரம் ஒளி ஏறி இறங்கித் துடித்தது. ஆவிக்குழாயும் டேங்கும் சேரும் இணைப்பை ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கியதும் அது நின்றது. விளக்கை அணைத்து ஆறவிட்டுத்தான் இறுக்கினேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

செலவுக் கணக்கு: நைட்ரைல் ஷீட் 60 ரூபாய், தோல் 40, ஈயப்பற்று 250, ஆசாரிக்கு 100, நிப்பிளும் ஊசியும் சேர்த்து 130, பீங்கான் மூக்கு 90, மேன்டில்கள் 90. ஆக 760 ரூபாய், போக்குவரத்து நீங்கலாக. மண்ணெண்ணெய்தான் இப்போது உண்மையான செலவு. வெளிச்சந்தையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, அதுவும் எல்லாக் கடையிலும் இல்லை. வெளிச்சத்துக்காக மட்டும் இந்த விளக்கை யாரும் சரிசெய்யத் தேவையில்லை, எல்.இ.டி. விளக்கின் விலையோடு இதை ஒப்பிடுவதே வீண்.

அடுத்த விளக்கு ஒன்று காத்திருக்கிறது, அதில் சில மாற்றங்கள் செய்வேன். டேங்கைக் கழுவியவுடன், வேறு எதையும் தொடுமுன், தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை. வாசர்களைச் செய்துமுடித்துவிட்டுக் கசிவைத் தேடியதால் டேங்கை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. ஆவிக்குழாய் புதிதாகக் கிடைத்தால் வாங்கிவிடுவேன், காய்ச்சிக் கரி எடுத்த குழாயில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது எரித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. எண்ணெயைப் புனலில் மெல்லிய துணி வைத்து வடித்தே ஊற்றுவேன். விளக்கின் மானி டயர் மானியைவிடக் கால் பார் குறைவாகக் காட்டுவதால், அதன் சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்ளும்படி வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அழுத்தத்தை வெளியேற்றும் திருகின் இருக்கையில் மட்டும் சிறு கசிவு மிச்சமிருக்கிறது. ஐந்தாம் மணி நேரத்துக்கு மேல் ஒளி மெல்ல மங்கி, இருபது தடவை போல பம்பு அடித்தால் மறுபடி ஏறுகிறது. அந்தத் திருகின் கூம்பு நுனியை மெருகுப் பசை தடவி அதே இருக்கையில் சுழற்றித் தேய்த்துப் பார்க்க வேண்டும்; அதற்கான பசை, வால்வு தேய்க்கும் எஞ்சின் பட்டறைகளில் கிடைக்கும்.